தொட்டில் அட்டையை மாற்றிய விவரம்

சேக்காடு, ஆவடி
வெள்ளிக்கிழமை மத்தியானம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் உதயகுமார் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அனுசுயாவின் கணவன் திருவேங்கடம் எழுதிக்கொள்வது. இங்கே நான், அனுசுயா, எங்கள் பெண் லாவண்யா மூவரும் நலம். கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று போட வேண்டுமே என்பதற்காகப் போடவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே நலம். லாவண்யா பக்கத்து அறையில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். புரண்டு படுத்தால் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அங்கே ஓசூரில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம், இப்போது என் விஷயம்தான் பெரிய விஷயம்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடுங்க, எங்க அண்ணன்தானே" என்பாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உங்கள் ஒருவருக்கு அனுப்புவது ஃபேமிலி குரூப்பில் போய் விழுந்துவிடுகிறது. எனக்கு மூலம் வந்த சேதி அப்படித்தான் சொந்தபந்தம் பூராவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகையால் கடிதம். யாரிடமாவது சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். அது மட்டுமில்லை, "மாப்பிள்ளை கை வச்சா எந்த வேலையும் உருப்படாது" என்று நீங்கள் என் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்தபிறகு அந்த வார்த்தையை நீங்கள் வாபஸ் வாங்க வேண்டியிருக்கும்.

அனுசுயா வாழ்த்து அட்டை செய்வது உங்களுக்குத் தெரியும். யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கலர் கலராக அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு மேல் துண்டு ஒட்டி, யானை, மயில், தேர் என்று என்ன கேட்டாலும் செய்கிறாள். ஒரு யானைக்குக் காது தனி, தும்பிக்கை தனி, நகம்கூடத் தனி. அப்புறம் ரப்பர் ஸ்டாம்பை இங்க் பேடில் தொட்டு ஓரத்தில் பூவும் இலையும் வைப்பாள். வாழ்த்துக்கும் ஒரு ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறாள், ஏனென்றால் தன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. காலமெல்லாம் அம்பத்தூரில் வால்வு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ரிட்டயர் ஆனபிறகு அனுசுயாவின் அட்டைத் தொழிலுக்கு ஸ்டோர்ஸ் இலாகாவை நானாகவே எடுத்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

அட்டை எங்கிருந்து வருகிறது என்றால், பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் பிரஸ் வைத்திருக்கிற என் சிநேகிதன் இருதயராஜிடமிருந்து. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது முதலில் சில தாள் மை சரியாகப் பிடிக்காமல் வீணாகும். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வெறுமை. எழுத்துப் பக்கத்தில் பசை தடவி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. அதை எல்லாம் அவன் மிஷினுக்கு அடியில் ஒரு சாக்கில் போட்டு வைப்பான், நான் அள்ளிக்கொண்டு வருவேன். போன மாதம் போனபோது அவன் கஸ்டமரோடு பேசிக்கொண்டிருந்தான். வழக்கமான சாக்குக்குப் பின்னால் இன்னொரு சாக்கு. எட்டிப் பார்த்தால் சந்தன நிறத்தில் கெட்டியான அட்டை, தடவினால் மெல்லிசாக வரி ஓடுகிறது. நல்ல சரக்கைப் பார்த்தால் ஸ்டோர்ஸ்காரன் விடுவானா. அதிலும் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, நிறவாரியாகவும் கனவாரியாகவும் பிரித்து டப்பாவில் அடுக்கினேன். எழுத்துப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. சரக்கைப் பிரிப்பவன் நிறத்தையும் கனத்தையும்தான் பார்ப்பான், படித்துக்கொண்டு உட்கார மாட்டான்.

இப்போது சம்பந்தியம்மா விஷயத்துக்கு வருகிறேன். லாவண்யாவின் மாமியார் தாயம்மா தங்கமான மனுஷி, ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவரோடு பேச முடியாது. நம் மாப்பிள்ளை எழில் பைக் வாங்கப் போனபோது யாரோ தும்மினார்கள் என்று கடை வாசலிலிருந்து திரும்பி வந்தவர். வளைகாப்பு முடிந்தால் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிவருவதுதானே முறை. இவர் ஆரம்பத்திலிருந்தே பிடி கொடுக்கவில்லை. "ஆவடியிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அலையணும். இங்க வானகரத்துல பைபாஸ் மேலயே பெரிய ஆஸ்பத்திரி கீது. பொண்ணு இங்கயே இருக்கட்டுமே சம்பந்தி" என்பார். அனுசுயா எதிரில் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமையலறையில் அழுவாள். லாவண்யா போனில், "அம்மா, எனக்கு நம்ம ஊட்டுக்கு வரணும்மா" என்பாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேச மாட்டார்கள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அனுசுயா சம்பந்தியம்மாவுக்கென்று ஒரு வாழ்த்து அட்டை செய்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு செய்தாள். நடுவில் சந்தன நிறத்தில் தொட்டில், அதற்குள் ரோஸ் கலர் போர்வை, மேலே கயிற்றில் தொங்குகிற பச்சைக்கிளி. ஓரத்தில் மல்லிகைப் பூ ஸ்டாம்ப். கீழே குழந்தைப் பாதம் ஸ்டாம்ப், கிருஷ்ண ஜெயந்திக்குக் கோலம் போடுகிற மாதிரி, வாசலிலிருந்து தொட்டிலை நோக்கி நடந்து வருகிறது. வளைகாப்புக்கு முறையாகச் சொல்லப் போனபோது தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். சம்பந்தியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். கிளியைத் தொட்டார், போர்வையைத் தொட்டார். கண் கலங்கிவிட்டது. "இன்னா லட்சணமா கீது. கொயந்தையே வந்து படுத்துகினு இருக்கா மாதிரி கீதே. நல்ல சகுனம் சம்பந்தி. வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணைக் கூட்டிகினு போங்க" என்று சொல்லி, அட்டையைப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம், கால் வலித்ததாக ஞாபகம் இல்லை.

அடுத்த வாரம் இருதயராஜை டீக்கடையில் பார்த்தேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

"அண்ணாத்தே, அன்னிக்கு வந்தியே, பின்னாடி இருந்த சாக்குல கை வச்சியா?"

"ஏன்?"

"இல்ல, கொறஞ்சா மாதிரி இருந்துச்சு. அது கருமாதிப் பத்திரிகை வேஸ்ட்டு. அதான் தனியா வச்சிருந்தேன். வசதியான குடும்பம், தாத்தா நல்லா வாழ்ந்துட்டுப் போனாருன்னு கல்யாணப் பத்திரிகை மாதிரியே கெட்டி அட்டையில அடிக்கச் சொன்னாங்க. சந்தனக் கலரு. வரி போட்ட அட்டை."

மச்சான், டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நம் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகை வந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக மாட்டோம். வாசலில் நின்று படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடுவோம். அப்பேர்ப்பட்ட சாமானைக் குழந்தைத் தொட்டிலாக வெட்டி, பாட்டியாகப் போகிறவர் கையில் தாம்பூலத்தோடு கொடுத்து, அது முருகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் ஒட்டியிருக்கிறது, தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அலமாரியில் தினம் விளக்கேற்றுகிறார்கள். சூட்டில் பசை காய்ந்து தொட்டில் உரிந்து விழுந்தால், சம்பந்தியம்மா எடுப்பார், திருப்புவார், படிப்பார். அதற்கப்புறம் லாவண்யா ஆவடிப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. இதில் என் தப்பு என்று எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்கின்மேல் எழுதி ஒட்டி வைக்க வேண்டியது பிரஸ்காரன் பொறுப்பு. எங்கள் கம்பெனியில் என்றால் அவனுக்கு மெமோ கொடுத்திருப்போம்.

அனுசுயாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. அவள் அந்த அட்டையின் போட்டோவைக் குரூப்பில் போட்டு, வந்த ஹார்ட்டை எல்லாம் தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டியிருந்தது, மச்சான். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். அதே மாதிரி இன்னொரு அட்டை நானே செய்து, வானகரம் போய், யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவது.

அனுசுயா வளையல் எடுக்கப் பூந்தமல்லிக்குப் போன அன்றைக்கு வேலையை ஆரம்பித்தேன். போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வெட்டினேன். கிளி காக்கை மாதிரி வந்தது. காக்கை என்றால் அதுவே ஒரு கருமாதிப் பத்திரிகை. மறுபடி வெட்டினேன், கொஞ்சம் பெருத்த கிளியாக வந்தது, சரி, நல்ல சாப்பாடு என்று விட்டுவிட்டேன். பாதம் ஸ்டாம்பைத் திருப்பிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, குழந்தை தொட்டிலிலிருந்து இறங்கி வாசலைப் பார்க்க நடந்து போகிறது. சம்பந்தியம்மா இதைப் பார்த்தால் கருமாதியே தேவலை என்பார். அதையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அட்டையில் முதலிலிருந்து அடித்தேன். பெருவிரல் இரண்டும் ரோஸ் கலராகி, எந்தச் சோப்புக்கும் போகவில்லை. சாயங்காலம் அனுசுயா கேட்டபோது பீட்ரூட் நறுக்கினேன் என்றேன். பீட்ரூட் எங்கே என்றாள். தின்றுவிட்டேன் என்றேன்.

இதில் பெரிய சிக்கல் தொட்டில்தான். அதே சந்தன நிறத்தில், அதே வரியோடு வேண்டும், ஆனால் அந்தச் சாக்குச் சரக்காக இருக்கக் கூடாது. டப்பாவில் இருந்த சந்தனத் துண்டு எதையும் நம்ப முடியாமல் எல்லாவற்றையும் கட்டி ஒதுக்கினேன். அப்போதுதான் என் அனுபவம் கைகொடுத்தது. அனுசுயாவின் மேஜையில், அவள் வெட்டுகிற கத்திக்குப் பக்கத்தில், அதே அட்டையில் ஒன்று தனியாக இருந்தது. நான் அடுக்கி வைத்த டப்பாவில் இல்லாமல் அவளே எடுத்துத் தனியாக வைத்திருக்கிறாள் என்றால் அது ஒசத்தியான சரக்காகத்தானே இருக்க வேண்டும். எடுத்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், எழுத்து இல்லை. திருப்பி அந்தப் பக்கம் பார்த்தேன், எழுத்து இல்லை. ஜன்னல் ஓரம் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுத்தம். கனமும் மற்றதைவிட இரண்டு மடங்கு. லேசாகக் கத்திக் கீறல்கள் இருந்தன, அவை தொட்டிலில் பிரம்பு பின்னியது மாதிரி வாகாக அமைந்துவிட்டன. மச்சான், இரண்டு பக்கமும் பார்த்து வாங்குகிறவன்தான் ஸ்டோர்ஸ்காரன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

அடுத்த நாள் வானகரம் கிளம்பினேன். சும்மா போனால் என்ன விஷயம் என்பார்கள். நல்லவேளை, சம்பந்தியம்மா வீட்டுத் தூக்குவாளி ஒன்று நம் வீட்டில் இருந்தது. தூக்கை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் ரவா லட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அட்டையைப் பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டேன். பூந்தமல்லியில் பஸ் மாறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டே நின்றேனா, ஒரு நல்ல மனிதர் உட்கார இடம் கொடுத்து, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்றும் சொன்னார்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். "வாங்க சம்பந்தி. இன்னா திடீர்னு? ஊட்ல எல்லாம் சௌக்கியமா?" என்றார். தூக்கைக் கொடுத்தேன். "இதுக்காகவா வெயில்ல வந்துகினு கீறீங்க?" என்று நாற்காலியைப் போட்டார். எதிரே பூஜை அலமாரி. உள்ளே முருகன், பக்கத்தில் நம் அட்டை, அட்டைக்கு முன்னால் ஒரு செம்பருத்திப் பூ, அதற்கு முன்னால் விளக்கு. கடவுளுக்குச் சமமாக வைத்திருக்கிறார், மச்சான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, உள்ளே இங்க் என்ன ஆகுமோ என்று அதற்கு வேறு வேர்க்கிறது. "சட்டையைக் கழட்டி மாட்டுங்க சம்பந்தி, நம்ம ஊடுதானே" என்றார். வேண்டாம், எனக்குக் குளிர்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனார்.

எழுந்தேன். பூவை நகர்த்தினேன். பழைய அட்டையை எடுத்தேன், புதியதை வைத்தேன், பூவை அதே இடத்தில் வைத்தேன். பழையதைச் சட்டைக்குள் விடும்போது பின்னால் வளையல் சத்தம். லாவண்யா நிலைப்படியில் நிற்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இன்னாப்பா பண்ணிகினு கீறே?" என்றாள். மாமியார் வீட்டுக்குப் போனபிறகு பேச்சே மாறிவிட்டது.

"தூசி தட்டறேன்மா."

"சட்டைக்குள்ளயா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெற்ற பெண்ணைக் கும்பிட்டேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், "அத்தே, அப்பாவுக்குச் சர்க்கரை கம்மியா போடுங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். என்ன, ஏது என்று இன்றுவரை கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்காக நான் வானகரம் என்ன, எங்கே வேண்டுமானாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போவேன்.

சம்பந்தியம்மா காபியோடு வந்து, கையோடு அலமாரியையும் ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே போனார். வேர்வையில் பாதத்தின் இங்க் பரவியிருந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

"பாதம் கொஞ்சம் பெருசா ஆனா மாதிரி கீதே சம்பந்தி?"

"குழந்தை வளருது இல்லீங்களா" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. உங்கள் முட்டியால் நீங்கள் வர முடியாமல் போனதில் எல்லோருக்கும் வருத்தம். சம்பந்தியம்மா தானே முதல் வளையலைப் போட்டு, தானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டார். பழைய அட்டையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கிழித்து ஏரியில் போடலாம் என்று பருத்திப்பட்டு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். தொட்டிலை உரித்து அந்தப் பெரியவர் யார் என்றாவது பார்ப்போம் என்றும் நினைத்தேன். கை வரவில்லை. அனுசுயா அந்தக் கிளிக்குக் கண் வைக்க ஒரு சாயங்காலம் பூராவும் குனிந்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்படியே கொண்டுவந்து, பீரோ மேலே விரித்திருக்கிற பேப்பருக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெரியவர் அங்கே பத்திரமாக இருக்கட்டும், அவரால் இனிமேல் யாருக்கும் தொந்தரவு இல்லை.

நேற்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு அடித்துப் போட்டது மாதிரி தூங்கினேன். குறட்டை அடித்ததாக அனுசுயா சொன்னாள், சந்தோஷமாகச் சொன்னாள். பிரசவம் நல்லபடியாக ஆனதும் நீங்களும் அக்காவும் வந்து குழந்தையை மடியில் வாங்கி ஆசீர்வதிக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டிக்கு என் அனுதாபங்கள். வாபஸ் வாங்க வேண்டிய வார்த்தையைக் கடிதத்திலோ, ஸ்பீக்கர் போட்ட போனிலோ வாங்கிக்கொள்ளலாம், எனக்கு இரண்டும் சம்மதம்.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கும்
திருவேங்கடம்

பி.கு.: படித்ததும் கிழித்துவிடவும். அனுசுயா கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது.

பி.கு.வுக்கு பி.கு.: அண்ணா, நான் அனுசுயா. கவரை ஒட்ட என் பசையைத் தேடி வந்தார். எப்போதும் போல அளவுக்கு மேல் தடவி, காயட்டும் என்று என் மேஜைமேலேயே வைத்துவிட்டு மாங்காய் வாங்கப் போயிருக்கிறார். ஈரப் பசை, ஊதினாலே திறந்துகொண்டது. படித்துவிட்டேன்.

அந்தச் சாக்குச் சரக்கை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் திருப்பிப் பார்க்காமல் யாராவது ஒட்டுவார்களா. சொன்னால் மூன்று வேளை சாப்பிட மாட்டாரே என்று சொல்லவில்லை. நான் செய்த தொட்டில் நம் லாவண்யா கல்யாணப் பத்திரிகையில் மிச்சமானதை வெட்டிச் செய்தது. அதே சந்தனக் கலர், அதே வரி. அந்த அட்டைதான் வேண்டும் என்று அப்போது இருதயராஜோடு சண்டை போட்டவரே இவர்தான், இப்போது மறந்துவிட்டார். உரித்துப் பார்த்திருந்தால் பின்னால் லாவண்யா பேரும் எழில் பேரும் இருந்திருக்கும்.

கருமாதி அட்டையில் கெட்டியான இரண்டை எடுத்து, எழுத்துப் பக்கம் உள்ளே போக ஒன்றோடொன்று ஒட்டி, வெட்டும்போது கத்திக்கு அடியில் மேஜை கீறாமல் இருக்க வைத்திருந்தேன். வளையல் எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு அதன் நடுவில் ஒரு ஓட்டை. எலி என்று நினைத்தேன். ஆனால் ஓட்டை தொட்டில் மாதிரியே இருந்தது, எலிக்கு அவ்வளவு கைவேலை வராதே என்று இத்தனை நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது. அந்த இடத்தில்தான் பெரியவர் போட்டோ இருந்தது.

பீரோ மேலிருந்து என் அட்டையை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அண்ணா, முட்டிவலியோடு முட்டிவலியாக அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது வந்துவிடுங்கள். இவரோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருங்கள், வேண்டுமானால் அந்த வார்த்தையையும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பாவம், அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். அதற்குள் நான் வளைகாப்பன்று பலகாரம் போட்டுக் கொடுத்த தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வானகரம் போய்வந்துவிடுகிறேன். காலையில்தான் சம்பந்தியம்மா லாவண்யாவிடம் போனில் பேசினார். பேரன் பிறக்கிறவரைக்கும் தினம் குளித்துவிட்டு அந்தத் தொட்டிலுக்குத்தான் முதல் கற்பூரமாம், முருகனுக்கு அப்புறம்தானாம்.